ஒரே மாதிரிக்கு 4 விடை, 48 விடை: ஆன்டிபாடி மருந்தின் சர்க்கரையை எப்படி அளக்கிறார்கள்?

அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட், ஒரே ஆன்டிபாடி மாதிரியைப் பல கண்டங்களின் ஆய்வகங்களுக்கு அனுப்பி ஒரு கேள்வி கேட்டது: இதில் ஒட்டியிருக்கும் சர்க்கரைகள் எவை, ஒவ்வொன்றும் எவ்வளவு? எந்த முறையில் வேண்டுமானாலும் அளக்கலாம் என்றும் சொல்லிவிட்டது. 76 ஆய்வகங்களிலிருந்து 103 அறிக்கைகள் வந்தன. முடிவுகள் 2020இல் வெளியாயின. ஓர் ஆய்வகம் நான்கே வகைச் சர்க்கரையைக் கண்டிருந்தது. இன்னொன்று 48 வகைகளைப் பட்டியலிட்டிருந்தது. எல்லாப் பட்டியல்களையும் சேர்த்தால் 116 வகை. அதில் 57 வகைகளுக்குத்தான் எல்லாருக்கும் பொதுவான ஓர் அளவைச் சொல்ல முடிந்தது.

யாரோ தப்பாக அளந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். சிலர் அப்படிச் செய்தும் இருக்கலாம். ஆனால் குறிப்பிட்ட ஒரு முறையைப் பயன்படுத்தியவர்கள்தான் பொது அளவுக்கு அருகில் வந்தார்கள் என்று அந்த ஆய்வில் தெரியவரவில்லை. விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. மூலக்கூறை எவ்வளவு தூரம் உடைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து, நாம் கேட்கும் கேள்வியே மாறிவிடுகிறது. அளவிட்ட முறையைச் சொல்லாமல் ஒரு சர்க்கரைச் சதவீதத்தை மட்டும் சொன்னால் அதற்குப் பாதி அர்த்தம்தான்.

## சர்க்கரை எங்கே இருக்கிறது?

மருந்தாகப் பயன்படும் ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை ஐஜிஜி வகையைச் சேர்ந்தவை. இரண்டு கனமான சங்கிலிகளும் இரண்டு இலகுவான சங்கிலிகளும் சேர்ந்து கவட்டைக் குச்சி போன்ற வடிவில் இருக்கும். மேலே பிரியும் இரண்டு கைகள் நோய்க்கூறைப் பிடிக்கின்றன. கீழே உள்ள தண்டுப் பகுதி நம் உடலின் நோயெதிர்ப்புச் செல்களோடு பேசுகிறது. மொத்த எடை சுமார் 1,50,000 டால்டன் (டால்டன் என்பது மூலக்கூறுகளின் எடை அலகு). அதில் சர்க்கரையின் பங்கு 2 முதல் 3 சதவீதம்தான்.

தண்டில், ஒவ்வொரு கனமான சங்கிலியிலும் 297ஆம் இடத்தில் இருக்கும் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு சர்க்கரைக் கொத்து தொங்குகிறது. இந்தக் கொத்துக்குத்தான் கிளைக்கான் என்று பெயர். ஆன்டிபாடிக்கு இரண்டு கனமான சங்கிலி என்பதால் இரண்டு கொத்துகள். அவை இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டிய கட்டாயமில்லை. இந்தச் சின்ன விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கொத்தின் அடிப்பகுதி எப்போதும் ஒன்றுதான்: இரண்டு குளுக்நாக், அதன் மேல் மூன்று மேனோஸ். குளுக்நாக் என்பது என்-அசிடைல்குளுக்கோசமைனுக்கு ஆய்வகத்தில் வழங்கும் சுருக்கம். முதல் மேனோஸிலிருந்து மற்ற இரண்டும் இரு கிளைகளாகப் பிரியும். கிளை நுனியில் குளுக்நாக், அதன்மேல் கேலக்டோஸ், அதன்மேல் சியாலிக் அமிலம் என்று அடுக்கு ஏறலாம், ஏறாமலும் போகலாம். அடியில் உள்ள முதல் குளுக்நாக்கில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரை பக்கவாட்டில் ஒட்டியிருக்கலாம்.

அறிக்கைகளில் வரும் பெயர்களை இப்போது எளிதாகப் படிக்கலாம். ஜி0எஃப் என்றால் கேலக்டோஸ் இல்லை, ஃபியூகோஸ் உண்டு. ஜி1எஃப், ஜி2எஃப் என்றால் முறையே ஒன்று, இரண்டு கேலக்டோஸ். எஃப் இல்லாமல் வெறும் ஜி0 என்றால் ஃபியூகோஸ் இல்லாதது. மேன்5 என்பது ஐந்து மேனோஸோடு நின்றுவிட்ட, முதிராத கொத்து.

## இத்தனை சிறிய விஷயத்துக்கு ஏன் இத்தனை பாடு?

புரதத்தின் அமினோ அமில வரிசையை டிஎன்ஏ தீர்மானிக்கிறது. சர்க்கரைக் கொத்துக்கு அப்படி ஓர் அச்சு கிடையாது. செல்லுக்குள் நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ப்பதும் வெட்டுவதுமாக உருவாகும் பொருள் அது. மருந்தைத் தயாரிக்கும் செல்லின் வகை, அது வளரும் ஊடகத்தின் சத்து, அமிலத்தன்மை, வெப்பநிலை, அறுவடை நாள் எல்லாம் அதை மாற்றும். எனவே ஒரே தொட்டியிலிருந்து வரும் மருந்தும் பல கிளைக்கான்களின் கலவையாகத்தான் இருக்கும். அந்தக் கலவை மாறினால் என்ன ஆகும்?

1. ஃபியூகோஸ். இயற்கைக் கொல்லிச் செல்களின் மேல் உள்ள ஏற்பி ஆன்டிபாடியின் தண்டைப் பிடிக்கும்போது, ஃபியூகோஸ் குறுக்கே நிற்கிறது. அது இல்லாவிட்டால் பிடி பல மடங்கு இறுகி, இலக்குச் செல்லைக் கொல்லும் திறன் கூடுகிறது. இதை வேண்டுமென்றே பயன்படுத்திக்கொண்ட மருந்துகள் உண்டு. 2012இல் ஜப்பானில் அனுமதி பெற்ற மொகாமுலிசுமாப், 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒபினுடுசுமாப் இரண்டும் ஃபியூகோஸைக் குறைக்கும்படி மாற்றப்பட்ட செல்களில் உருவாகின்றன.

2. கேலக்டோஸ். காம்ப்ளிமென்ட் எனப்படும் இரத்தப் புரதத் தொகுதியைத் தூண்டுவதில் இதற்குப் பங்கு உண்டு. ஃபியூகோஸ் அளவுக்குத் தாக்கம் இல்லை.

3. மேன்5 போன்ற மேனோஸ் மிகுந்த கொத்துகள். இவை உள்ள ஆன்டிபாடி இரத்தத்திலிருந்து வேகமாக வெளியேறுகிறது.

4. மனித உடலுக்கு அந்நியமான சர்க்கரைகள். எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஆபத்து இங்கேதான் அதிகம்.

நான்காவதற்கு செடுக்ஸிமாப் கதையே போதும். இந்தப் புற்றுநோய் மருந்தை முதல் முறை ஏற்றிக்கொண்ட சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டது. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் இது விநோதமாக அதிகம் இருந்தது. 2008இல் வெளியான ஆய்வு காரணத்தைச் சொன்னது. மருந்து பெற்ற 76 பேரில் 25 பேருக்கு ஒவ்வாமை. அவர்களில் 17 பேரின் இரத்தத்தில், மருந்து ஏறுவதற்கு முன்பே அதற்கு எதிரான ஐஜிஇ, அதாவது ஒவ்வாமையைத் தூண்டும் வகை ஆன்டிபாடி இருந்தது. ஒவ்வாமை வராத 51 பேரில் ஒருவருக்குத்தான் அது இருந்தது. அந்த ஐஜிஇ குறிவைத்தது மருந்தின் புரதத்தை அல்ல, ஆல்ஃபா-கேல் என்ற சர்க்கரையை. கேலக்டோஸ்மேல் இன்னொரு கேலக்டோஸ் குறிப்பிட்ட பிணைப்பில் ஏறினால் ஆல்ஃபா-கேல். எலிச் செல்கள் இதைச் செய்யும், மனிதச் செல்கள் செய்யாது. செடுக்ஸிமாப் எலிச் செல்லில் தயாரானது. அந்த வட்டாரத்து மக்களுக்கு உண்ணிக் கடி வழியாக இந்தச் சர்க்கரைமேல் ஏற்கெனவே ஒவ்வாமை உருவாகியிருந்தது என்பது பிற்பாடு தெரிந்தது. மாட்டிறைச்சி சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து உடல் தடிக்கும் நோயும் இதே ஆல்ஃபா-கேல் தொடர்புடையதுதான்.

இதில் பகுப்பாய்வாளருக்கு ஒரு தனிப் பாடம் உண்டு. செடுக்ஸிமாபில் தண்டைத் தவிர கையிலும் ஒரு சர்க்கரைக் கொத்து இருக்கிறது. தண்டுச் சர்க்கரை இரு சங்கிலிகளுக்கு நடுவே மறைந்திருக்கும், கைச் சர்க்கரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தண்டில் ஆல்ஃபா-கேல் இருந்தால் ஒவ்வாமைக்காரர்களின் ஐஜிஇ அதைப் பிடிப்பதில்லை, கையில் இருந்தால் பிடிக்கிறது என்று 2011இல் காட்டினார்கள். ஆக, என்ன சர்க்கரை, எவ்வளவு என்று தெரிந்தால் மட்டும் போதாது. எங்கே என்றும் தெரிய வேண்டும்.

## நான்கு விதமாக உடைத்துப் பார்ப்பது

### 1. உடைக்காமலே எடை போடுவது

முழு ஆன்டிபாடியையும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் விட்டு எடையைப் பார்ப்பது மிக வேகமான வழி. ஒரு கேலக்டோஸ் கூடினால் எடை 162 டால்டன் கூடும். ஃபியூகோஸ் என்றால் 146, குளுக்நாக் 203, சியாலிக் அமிலம் 291. கருவி வரையும் வரைபடத்தின் முகடுகளான பீக்குகளுக்கு இடையே உள்ள தூரத்தை வைத்து எது ஏறியது என்று கணிக்கலாம். மாதிரித் தயாரிப்பு அநேகமாகத் தேவையில்லை.

ஆனால் இங்கே தெரிவது இரு கொத்துகளின் கூட்டுத்தொகை. இரு பக்கமும் ஜி1எஃப் என்றாலும், ஒரு பக்கம் ஜி0எஃப், மறுபக்கம் ஜி2எஃப் என்றாலும் எடை ஒன்றே. இன்னொரு பொறியும் உண்டு. ஊடகத்தில் உள்ள குளுக்கோஸ், நொதி எதுவும் இல்லாமலே புரதத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் தானாக ஒட்டிக்கொள்ளும். அதுவும் சரியாக 162 டால்டன்தான் கூட்டும். கவனிக்காதவர் அதைக் கேலக்டோஸ் கணக்கில் எழுதிவிடுவார். ஒரு சதவீதத்துக்கும் கீழே உள்ள சர்க்கரைகள் இந்த அளவில் இரைச்சலோடு இரைச்சலாகக் கலந்துவிடும். நான்கு, ஐந்து வகை மட்டும் தெரிகிற அறிக்கைகள் இப்படியும் உருவாகலாம்.

### 2. துண்டுகளாக வெட்டுவது

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸ் என்ற பாக்டீரியாவின் ஐடிஎஸ் நொதி, ஐஜிஜியைக் கவட்டை சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரே இடத்தில் வெட்டுகிறது. பிறகு சங்கிலிகளைப் பிணைக்கும் கந்தகப் பாலங்களைப் பிரித்தால் 25,000 டால்டன் அளவில் மூன்று துண்டுகள் கிடைக்கும்: தண்டின் பாதி, கையின் கனமான பகுதி, இலகுவான சங்கிலி. இப்போது ஒவ்வொரு தண்டுத் துண்டிலும் ஒரே ஒரு கொத்து. கூட்டுத்தொகைக் குழப்பம் போய்விட்டது. கையில் சர்க்கரை இருந்தால் அதுவும் தனியாகத் தெரியும். அரை நாளுக்குள் முடிகிற வேலைக்கு இது மிக நல்ல பலன் என்பது என் கருத்து. ஆனால் இந்த அளவிலும் தெரிவது எடை மட்டுமே.

### 3. சர்க்கரையோடு சேர்ந்த பெப்டைடு

டிரிப்சின் நொதியால் புரதத்தைப் பெப்டைடுகளாக, அதாவது சிறு அமினோ அமிலத் தொடர்களாக நறுக்கினால், ஐஜிஜி1 வகையில் 297ஆம் இடம் ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடில் வந்து விழும். அந்தப் பெப்டைடு தன் சர்க்கரைக் கொத்தோடு வருவதால், எந்த இடத்தில் எந்தக் கொத்து என்பதில் சந்தேகமே இல்லை. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் அதை மோதி உடைத்தால் 204, 366 என்ற எடைகளில் சர்க்கரைக்கே உரிய அயனிகள் எழும்பும். சர்க்கரை கொண்ட பெப்டைடு இதுதான் என்பதற்கு அவை அடையாளம். சர்க்கரையே ஒட்டாமல் வெறுமையாக இருக்கும் பெப்டைடையும் இந்த முறையில் அளக்கலாம்.

எச்சரிக்கை ஒன்று. கருவியின் நுழைவாயிலில் வோல்ட்டேஜ் கூடிவிட்டால், கிளை நுனிக் கேலக்டோஸ் அங்கேயே உதிரும். ஜி1எஃபாக உள்ளே போனது ஜி0எஃபாகப் பதிவாகும். மருந்தில் இல்லாத ஒரு குறையைக் கருவியே உண்டாக்கிவிடும்.

### 4. சர்க்கரையைக் கழற்றி எடுப்பது

தொழிற்சாலைகளில் பல ஆண்டுகளாக அடிப்படை முறையாக இருப்பது இதுதான். எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பிஎன்ஜி-ஏஸ் எஃப் என்ற நொதி, அஸ்பராஜினுக்கும் முதல் குளுக்நாக்குக்கும் நடுவே வெட்டி, கொத்தை முழுசாகக் கழற்றிவிடும். அஸ்பராஜின் அஸ்பார்ட்டிக் அமிலமாக மாறும். அதனால் புரதத்தின் எடை சுமார் 1 டால்டன் கூடும். சர்க்கரை அங்கே இருந்தது என்பதற்கு அதுவே தடயம். தாவரச் செல்லில் தயாரான ஆன்டிபாடியில் ஃபியூகோஸ் வேறு பிணைப்பில் இருக்கும். அங்கே இந்த நொதி வேலை செய்யாது, பிஎன்ஜி-ஏஸ் ஏ தேவை.

கழன்ற சர்க்கரை ஒளியை உறிஞ்சாது, ஒளிரவும் செய்யாது. கருவிக்கு அது கண்ணுக்குத் தெரியாத பொருள். எனவே அதன் திறந்த முனையில் ஒளிரும் சாயம் ஒன்றை ஒட்டுகிறார்கள். 2-அமினோபென்சமைடு பழைய, நன்கு பழகிய சாயம். புரோகெய்னமைடு, ராபிஃப்ளூர்-எம்எஸ் போன்ற பிற்காலச் சாயங்கள் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரிலும் நன்றாகத் தெரியும். நுண்குழாயில் மின்புலத்தால் பிரிக்கும் கேப்பிலரி எலக்ட்ரோபோரசிஸ் என்றால் மூன்று எதிர்மின்சுமை கொண்ட ஏபிடிஎஸ் சாயம்.

ஒரு கொத்துக்கு ஒரே ஒரு திறந்த முனை, எனவே ஒரே ஒரு சாய மூலக்கூறு. கொத்து பெரிதோ சிறிதோ, ஒளிர்வு ஏறக்குறைய சமம். ஆகவே பீக்கின் பரப்பளவு நேரடியாக எண்ணிக்கையைச் சொல்கிறது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அந்த நேர்மை இல்லை. அங்கே ஒவ்வொரு சர்க்கரையும் வெவ்வேறு எளிமையில் அயனியாகும். சதவீதத்துக்கு ஒளிர்வை நம்பு, அடையாளத்துக்கு எடையைப் பார் என்று ஆய்வகங்களில் சொல்வது இதனால்தான்.

சாயம் ஏற்றிய கொத்துகள் ஹிலிக் வகைத் திரவக் குரோமட்டோகிராஃபியில், அதாவது ஒரு குழாய்க்குள் திரவத்தோடு ஓடவிட்டுப் பிரிக்கும் முறையில், பிரிகின்றன. நீரை விரும்பும் பரப்பில் பெரிய சர்க்கரைகள் அதிக நேரம் தங்கிப் பின்னால் வரும். ஒரே எடையுள்ள ஜி1எஃபின் இரு வடிவங்கள், அதாவது கேலக்டோஸ் இந்தக் கிளையிலா அந்தக் கிளையிலா என்பது, இங்கே இரண்டு தனிப் பீக்குகளாகத் தெரியும். எடையால் சொல்ல முடியாததை நேரம் சொல்கிறது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் நேரம் மாறுமே? அதற்காக, குளுக்கோஸ்களின் நீண்ட சங்கிலியான டெக்ஸ்ட்ரானை உடைத்துப் பெற்ற குளுக்கோஸ் ஏணியை உடன் ஓட்டி, ஒவ்வொரு பீக்கையும் குளுக்கோஸ் அலகில் குறிக்கிறார்கள்.

நேரம் பொருந்தினால் மட்டும் அடையாளம் உறுதியாகாது. உறுதிசெய்ய உதவுபவை, நுனியிலிருந்து ஒவ்வொரு சர்க்கரையாக உரிக்கும் நொதிகள். சியாலிடேஸ் சியாலிக் அமிலத்தை மட்டும் எடுக்கும், கேலக்டோசிடேஸ் கேலக்டோஸை மட்டும். நொதியைச் சேர்த்ததும் பீக் நகர்ந்தால் அந்தச் சர்க்கரை அங்கே இருந்தது என்று பொருள். ஆல்ஃபா-கேலை உறுதிசெய்ய வறுக்காத காப்பிக் கொட்டையிலிருந்து எடுத்த ஆல்ஃபா-கேலக்டோசிடேஸைப் பயன்படுத்துவது வழக்கம்.

எடையை மட்டும் நம்பினால் எவ்வளவு தூரம் தவறலாம் என்பதற்கு ஓர் உதாரணம். எலிச் செல்கள், மனிதரில் இயல்பாக உருவாகாத இன்னொரு வகைச் சியாலிக் அமிலத்தையும் செய்யும். அதன் எடை 307. அதோடு ஒரு ஃபியூகோஸைக் கூட்டினால் 453. மனித வகைச் சியாலிக் அமிலம் 291, அதோடு ஒரு கேலக்டோஸ் 162, கூட்டினால் அதுவும் 453. இரண்டின் அணுக்கணக்கும் துளி மாறாமல் ஒன்றுதான். எவ்வளவு துல்லியமான தராசாக இருந்தாலும் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. உடைத்துப் பார்க்க வேண்டும், அல்லது நொதியைக் கேட்க வேண்டும்.

சரி, கழற்றும் முறையின் பலவீனம்? கழற்றிய நொடியே முகவரி தொலைந்துவிடுகிறது. கையிலிருந்து வந்ததா, தண்டிலிருந்து வந்ததா என்று தெரியாது. சர்க்கரையே இல்லாத சங்கிலிகள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. பாதி ஆன்டிபாடிகள் வெறுமையாக இருந்தாலும், மீதிப் பாதியின் சர்க்கரைகள் கூடி அழகாக 100 சதவீதம் காட்டும்.

## ஒரே எண், இரண்டு அர்த்தம்

ஆன்டிபாடிக்கு இரண்டு கொத்துகள் என்று முன்பு சொன்னது இங்கே பயன்படும். கழற்றும் முறையில் அளந்தபோது 10 சதவீதக் கொத்துகளில் ஃபியூகோஸ் இல்லை என்று வைத்துக்கொள்வோம். சங்கிலிகள் தற்செயலாக ஜோடி சேர்கின்றன என்றால்:

1. இரண்டு பக்கமும் ஃபியூகோஸ் உள்ளவை: 0.9 × 0.9, அதாவது 81 சதவீதம்.
2. ஒரு பக்கம் மட்டும் இல்லாதவை: 18 சதவீதம்.
3. இரண்டு பக்கமும் இல்லாதவை: 1 சதவீதம்.

ஏற்பி தண்டின் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிடித்தால் போதும். எனவே இறுக்கமாகப் பிடிபடக்கூடிய மூலக்கூறுகள் 19 சதவீதம். கொத்துகளின் கணக்கில் 10, மூலக்கூறுகளின் கணக்கில் 19, இரண்டும் சரி. இரண்டு ஆய்வறிக்கைகளை ஒப்பிடும்போது வகுக்கும் எண் எது என்று பார்க்காமல், ஒன்றில் ஃபியூகோஸ் இல்லாதது இரட்டிப்பாக இருக்கிறது என்று எழுதிவிடுவது சுலபம்.

48க்கும் 4க்கும் உள்ள இடைவெளியின் இன்னொரு பகுதியும் இப்படிப்பட்டதே. 0.1 சதவீதத்தையும் எழுதுவதா, 1 சதவீதத்துக்கு மேல் மட்டும் எழுதுவதா? ஒரே எடையுள்ள இரு வடிவங்களை ஒன்றாக எண்ணுவதா, இரண்டாகவா? நிஸ்ட் மாதிரி எலிச் செல்லில் தயாரானது. அதனால் ஆல்ஃபா-கேல் கொண்ட சிறு பீக்குகளும் அதில் உண்டு. எதிர்பார்க்காதவர் கண்ணில் அவை படாமல் போவதில் வியப்பில்லை.

## மருந்துக்கு என்ன ஆகிறது?

மருந்து விதிகளை நாடுகளுக்கிடையே ஒருங்கிணைக்கும் அமைப்பான ஐசிஎச் 1999இல் வெளியிட்ட க்யூ6பி வழிகாட்டி, புதிய உயிரியல் மருந்தில் சர்க்கரையின் அளவு, கொத்துகளின் அமைப்பு, ஒட்டியுள்ள இடம் ஆகியவற்றை இயன்றவரை ஆராயச் சொல்கிறது. ஆகவே அனுமதிக் கோப்பில் மேற்சொன்ன முறைகள் பலவும் ஒருமுறையாவது தலைகாட்டும். அன்றாடத் தொகுதிச் சோதனைக்கு அத்தனையும் தேவையில்லை. ஹிலிக்கும் ஒளிர்வும் போதும் என்று நிற்பவர்கள் அதிகம். பெப்டைடு அளவில் சர்க்கரையையும், ஆக்சிஜனேற்றம், டீஅமிடேஷன் போன்ற புரதத்தின் வேதி மாற்றங்களையும் ஒரே ஓட்டத்தில் பார்க்கும் பல்பண்பு முறைக்கு நகர்பவர்களும் இருக்கிறார்கள்.

தயாரிப்பு முறை மாறினால் கதை சிக்கலாகும். ஆன்டிபாடி அல்ல என்றாலும், தசைகளைப் பலவீனமாக்கும் அரிய பரம்பரை நோயான பொம்பே (Pompe) நோய்க்குத் தரும் நொதி மருந்து மயோசைம் நல்ல உதாரணம். 160 லிட்டர் தொட்டியிலிருந்து 2,000 லிட்டர் தொட்டிக்குப் போனபோது சர்க்கரை அமைப்பு மாறியது. இது அதே மருந்து அல்ல என்று 2008இல் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ சொல்லிவிட்டது. பெரிய தொட்டிகளில் தயாரான மருந்து லூமிசைம் என்ற தனிப் பெயரில் 2010இல்தான் அனுமதி பெற்றது.

ஏற்கெனவே உள்ள உயிரியல் மருந்தை ஒத்த பயோசிமிலர் மருந்துகளைத் தயாரிப்பவர்களுக்கு வேறு விதமான தலைவலி. மூல மருந்தின் சர்க்கரை அமைப்போடு தங்கள் மருந்து பொருந்த வேண்டும், ஆனால் மூல மருந்தே நிலையாக நிற்பதில்லை. சந்தையில் இருந்த ரிட்டுக்ஸிமாப் என்ற ஆன்டிபாடி மருந்தின் தொகுதிகளில் ஃபியூகோஸ் இல்லாத கொத்துகளும், கூடவே செல்லைக் கொல்லும் திறனும் மாறியிருந்ததை 2011இல் ஒரு ஆய்வுக் கட்டுரை காட்டியது. அப்புறம் 2017இல் இன்னொரு ஆன்டிபாடி மருந்தான டிராஸ்டுசுமாப் பற்றிய ஆய்வு. ஆகஸ்ட் 2018 முதல் டிசம்பர் 2019 வரை காலாவதித் தேதி கொண்ட மூல மருந்துத் தொகுதிகளில் ஃபியூகோஸ் இல்லாத கொத்துகள் குறைந்திருந்தன. ஏற்பியைப் பிடிக்கும் வலிமையும் கொல்லும் திறனும் அதோடு சேர்ந்து இறங்கியிருந்தன. இதைக் கண்டவர்கள் போட்டிப் பயோசிமிலரைத் தயாரித்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அவர்கள் சர்க்கரையைக் கழற்றி எண்ணியதோடு நிற்கவில்லை, ஏற்பியோடு பிணைத்தும், உயிருள்ள செல்களோடு விட்டும் பார்த்தார்கள். மூன்று அளவீடுகளும் ஒரே திசையில் நகர்ந்ததால்தான், அது ஒரு குரோமட்டோகிராமின் கோளாறாக இருக்கும் என்று யாராலும் ஒதுக்கிவிட முடியவில்லை.